வானத்துக்குப் பவுடர் போட்டது யார்?

“தங்கள் மகள் செல்வி நிலா (வயது 9) என்பவருக்கு இயற்பியலிலும் விண்வெளியிலும் ஆர்வம் ஏற்பட்டிருப்பதாக வாரியத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. அது எப்படி ஏற்பட்டது என்பது குறித்து ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்.”

பதிவுத் தபாலில் வந்த அந்தக் கடிதத்தைச் செம்பியன் மாடிப்படியில் நின்றபடியே இரண்டு முறை படித்தான். கீழே முத்திரை இருந்தது. விளையாட்டுவழி விண்ணறிவு வாரியம், காந்தி நகர், அடையாறு. முத்திரையில் ஒரு ராக்கெட், அதைச் சுற்றி ஒரு பம்பரம், இரண்டையும் சுற்றி ஒரு பூட்டு.

தரைத்தளத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் தேவானை எட்டிப் பார்த்தாள்.

“இன்னா நைனா, கோர்ட்டு நோட்டீஸா?”

“இல்லக்கா. பாப்பாவுக்கு ஆர்வம் வந்திருக்காம்.”

“ஐய! எத்தினி நாளா? ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனியா?”

செம்பியன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அவன் இயற்பியல் பட்டதாரி. தியாகராய நகரில் ஒரு லிஃப்ட் நிறுவனத்தில் தொலைபேசியில் புகார் வாங்கிக்கொள்ளும் வேலை. ஏறாத லிஃப்ட், இறங்காத லிஃப்ட் என்று உலகில் இரண்டு வகைப் புகார்கள்தான் உண்டு. மூன்றாவதாக ஒன்றை அவன் இதுவரை கேட்டதில்லை.

மந்தைவெளிப் பக்கம் கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில் இரண்டாம் மாடி அவன் வீடு. மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய டிரம், அதன்மேல் ஒரு கேரம் போர்டு, எதிரெதிரே இரண்டு ஸ்டூல். போர்டு அவன் மனைவி ஜோதிலட்சுமியுடையது. மாவட்டப் போட்டியில் அரையிறுதிவரை போனவள். ஒன்றரை வருஷத்துக்கு முன் ஆறு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய தந்தநிற ஸ்ட்ரைக்கரும், போரிக் பவுடர் கட்டிய துணி மூட்டையும் போர்டின் மூலையிலேயே கிடந்தன. ஒரு வருஷம் யாரும் தொடவில்லை. நிலா பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. செம்பியனும் அப்படித்தான் இருந்தான். அதனால் யார் யாரைப் பார்த்து அப்படி ஆனார்கள் என்று தெரியவில்லை.

பிறகு ஒருநாள் அவள் தனியாக ஆட ஆரம்பித்தாள். தன் முறை முடிந்ததும் ஸ்ட்ரைக்கரை எதிர்ப்பக்கம் தள்ளுவாள். பத்து எண்ணுவாள். எழுந்து போய் எடுத்து வந்து மறுபடி தன் முறை. செம்பியன் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல மாடி ஏறிவிடுவான்.

அப்படி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. பவுடர் போட்டால் காயின் ரொம்ப தூரம் ஓடுகிறது. போடாவிட்டால் நின்றுவிடுகிறது. மேலே இருக்கும் நிலா நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அங்கே யார் பவுடர் போட்டது? மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டாள். ஒரு வருஷத்தில் அவள் வகுப்பில் பேசிய முதல் வாக்கியம் அது. ஆசிரியை மகிழ்ந்துபோய் வாரியத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஆசிரியை நல்லவர். அனுபவம் போதாது.

*

வாரிய அலுவலகத்தின் வாசலில் ‘விளையாட்டின் மூலம் விண்ணுக்கு’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ‘இங்கு விளையாடாதீர்’ என்று இன்னொரு பலகை.

உள்ளே இரண்டு அறைகள். ஒன்றில் ‘உதவி இயக்குநர் (ஆர்வம்)’. மற்றதில் ‘உதவி இயக்குநர் (ஆர்வமின்மை)’. இரண்டாவதில் கூட்டம் அதிகம், மின்விசிறியும் அதிகம். செம்பியனை முதல் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்வர்ணலதா என்ற அம்மையார் ஒரே ஒரு கோப்புடன் உட்கார்ந்திருந்தார். அது நிலாவின் கோப்பு.

“உட்காருங்க. ஆர்வம் எந்தத் தேதியில வந்தது?”

“மார்ச் மூணுன்னு நினைக்கிறேன், மேடம்.”

“நினைக்கிறீங்களா, தெரியுமா?”

“அன்னைக்குத்தான் கேள்வி கேட்டா.”

அம்மையார் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

“வாரியத்தோட திட்டம் ஜூன் பதினஞ்சுதான் துவங்குது. திட்டத்தால ஆர்வம் வரணும். உங்க வீட்ல திட்டத்துக்கு முன்னாடியே வந்திருக்கு. நீங்க பிஸிக்ஸ் படிச்சவர். காரணத்துக்கு முன்னாடி விளைவு வருமா?”

“வராதுங்க.”

“அப்ப வேற காரணம் இருக்கு. யாரு சொல்லிக் குடுத்தது? கோச்சிங் சென்டரா? வெளிநாட்டு ஆப் ஏதாவது?”

“கேரம் போர்டு, மேடம்.”

“கேரம் போர்டு எங்க பட்டியல்ல பதினேழாவது வரிசையில இருக்கு. அதுக்கு இன்னும் அனுமதியே ஆகல. அனுமதி ஆகாத விளையாட்டால எப்படி ஆர்வம் வரும்?”

செம்பியன் யோசித்தான். புகார் வாங்கும்போது கடைப்பிடிக்கும் விதி ஒன்று அவனிடம் இருந்தது. விளங்காதபோது, “பதிவு செஞ்சுக்கறோம்” என்று சொல்லிவிட வேண்டும். இங்கே அதை அவன் சொல்ல முடியாது. அம்மையார் சொன்னார்.

“பதிவு செஞ்சுக்கறோம். நேர்ல வந்து ஆய்வு பண்ணுவோம். ஜூன் பதினஞ்சு வரைக்கும் குழந்தைய ஆர்வமா இருக்க வேணாம்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் முறைப்படி வரலாம்.”

வெளியே வரும்போது கூடத்தில் வாரியத் தலைவர் ஸ்ரீரங்கன் பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் மெல்லிய கோடு, கையில் மைக். மைக் அணைந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை.

“கொழந்தைகளுக்கு விளையாட்டுன்னா பிடிக்கும். இயற்பியல்னா பிடிக்காது. நாம என்ன பண்றோம்? விளையாட்டுக்குள்ள இயற்பியலை வச்சுடறோம். விளையாட்டு தூண்டில்ல இருக்கற புழு மாதிரி. மீன் மாட்டிண்டதும் புழுவை எடுத்துடணும். சில ஆசிரியர்கள் எடுக்க மறந்துடறா. அப்பறம் கொழந்தை விளையாடிண்டே இருக்கு. அதுதான் நம்ம திட்டத்துக்கு இருக்கற ஒரே ஆபத்து.”

ஆசிரியர்கள் ‘ஆபத்து’ என்று எழுதிக்கொண்டார்கள்.

சுவரில் முன்மாதிரித் திட்டங்களின் படங்கள் தொங்கின. காத்தாடி வழியாகக் காற்றியல்: மாஞ்சா நூலுக்குத் தடை இருப்பதால் வாரியம் முன்னெச்சரிக்கையாக எல்லா நூலையும் விலக்கிவிட்டது. படத்தில் காத்தாடிகள் மேஜைமேல் வரிசையாகப் படுத்திருந்தன. தெருக் கிரிக்கெட் வழியாக எறிபொருள் இயக்கம்: பந்து போய் விழுமிடத்தைக் கணக்கிட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வீச வேண்டும். இரண்டு ஓவர் முடிய இரண்டு நாள் ஆனதாகக் குறிப்பு இருந்தது. செல்போன் விளையாட்டு வழியாக ராக்கெட் ஏவுதல்: ஒரு சிறுமி ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்துகிறாள். படத்துக்குக் கீழே ‘பதினான்காவது ஒப்புதல்’ என்று போட்டிருந்தது. ராக்கெட் படத்தில் இல்லை.

*

ஏப்ரலில் ஆய்வுக்கு வந்தார்கள். ஸ்வர்ணலதா அம்மையாரும், பெட்டி தூக்கிக்கொண்டு களப்பணியாளர் காதரும். காதர் ராயப்பேட்டைக்காரர், ஐம்பது வயது இருக்கும். போர்டைப் பார்த்ததுமே அவர் விரல் ஒரு சுண்டு சுண்டி, அம்மையார் திரும்புவதற்குள் அடங்கியது.

நிலா தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

“ஆடும்மா. நாங்க பாக்கறோம்.”

அவள் ஆடினாள். ஒரு கறுப்பு உள்ளே விழுந்தது. அடுத்தது விழவில்லை. ஸ்ட்ரைக்கரை எதிர்ப்பக்கம் தள்ளினாள். எண்ணத் தொடங்கினாள்.

“இப்ப யாரோட ஆட்டம்?” என்றார் அம்மையார்.

நிலா எண்ணிக்கையை விடவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது.

“எதிர்ல யாரு ஆடறாங்க?”

“யாரும் இல்ல, மேடம்,” என்றான் செம்பியன்.

“யாரும் இல்லாதவங்களுக்கு எதுக்கு முறை குடுக்கறா? பேர் சொல்லுங்க.”

அவன் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒரு சான்றிதழ் கேட்பார்கள். அதன் நகல் மாடியில் பீரோவில் இருந்தது. அவனுக்கு மாடி ஏற மனமில்லை. அம்மையார் சற்றுப் பொறுத்தார். பிறகு படிவத்தில் நிதானமாக எழுதினார். எதிர் ஆட்டக்காரர்: தலைமறைவு.

அடுத்து அவர் கண் துணி மூட்டைமேல் விழுந்தது.

“இது என்ன?”

“பவுடருங்க. போரிக் பவுடர்.”

“லேபிள் இல்ல. வெள்ளைப் பவுடர். துணியில கட்டி, மாடிப்படிக்கு அடியில.” அவர் குரல் தாழ்ந்தது. “எங்கேருந்து வருது?”

“கடைலதான் மேடம்,” என்றார் காதர். “எல்லா கேரம் கிளப்லயும் கீது. பவுடர் இல்லாம கேரம் இன்னாத்துக்கு?”

“நீங்க பேசாதீங்க காதர். உறையில போடுங்க.”

தேவானை கரண்டியுடன் வந்து நின்றாள். “இன்னாம்மா இது அநியாயம்? மூஞ்சில நீ பூசிக்கினு வந்துகீறதும் பவுடர்தான? அத்த எந்த உறையில போடுவ?”

அம்மையார் கைக்குட்டையால் ஒருமுறை கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போர்டையும் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். காதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார். போர்டு காய்ந்ததும் அம்மையாரே ஒரு காயினைச் சுண்டினார். அது நாலு விரற்கடை போய் நின்றது. மறுபடி சுண்டினார். மூன்று விரற்கடை.

“நியூட்டனோட முதல் விதி என்ன சொல்லுது, சார்?”

“தடை இல்லாத வரைக்கும் ஓடற பொருள் ஓடிக்கிட்டே இருக்கும்.”

“ஓடலையே.”

“துடைச்சிட்டீங்களே, மேடம்.”

“நான் சுத்தம் பண்ணினேன். சுத்தமான பலகையில வேலை செய்யாத விதி, அழுக்குல மட்டும் எப்படி வேலை செய்யும்?”

ஆய்வறிக்கையின் நகல் அவனுக்கும் ஒன்று கொடுக்கப்பட்டது. ‘நியூட்டனின் முதல் விதி இக்குடியிருப்பில் நடைமுறையில் இல்லை என்பது நேரில் கண்டறியப்பட்டது. சந்தேகத்துக்கிடமான வெள்ளைப் பொடி கைப்பற்றப்பட்டது. ஆர்வத்துக்கு அதுவே காரணமா என ஆராய வேண்டும்.’ அதற்குக் கீழே கடைசி வரி: ‘வட்ட வடிவப் பொருள் ஒன்று. மேலாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.’

அந்த வட்ட வடிவப் பொருள் ஸ்ட்ரைக்கர் என்பது காதர் அதை உறையில் போட்ட பிறகுதான் செம்பியனுக்கு உறைத்தது.

“மேடம், அது வேணாம். வேற ஒண்ணு வாங்கித் தர்றேன்.”

“ஏன்? இதுல என்ன விசேஷம்?”

கேள்வி நியாயமானது. அதனால்தான் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மையார் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். விசேஷம் இருப்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. உறையின்மேல் அரக்கு வைத்தார்.

அவர்கள் போன பிறகு நிலா கேட்டாள். “குடுத்துருவாங்களாப்பா?”

“குடுத்துருவாங்க.”

“எப்ப?”

“ஆய்வு முடிஞ்சதும்.”

அவள் காயின்களை எண்ணி டப்பாவில் போட்டாள். பத்தொன்பதும் இருந்தன. டப்பாவை மூடினாள். அன்றிலிருந்து மறுபடி பள்ளிக்கூடம் போனாள், வந்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள்.

*

செம்பியன் ஆறு முறை அடையாறுக்குப் போனான். ஸ்ட்ரைக்கர் ஒவ்வொரு முறையும் வேறு மேஜையில் இருந்தது. எடைப் பிரிவில் அதன் எடையை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். சராசரி காண ஒரு குழு அமைக்கப்பட்டது. பாதுகாப்புப் பிரிவில், அதைக் கையால் சுண்டினால் நகரும் என்று கண்டுபிடித்து, கையால் சுண்டக் கூடாது என்று சீட்டு ஒட்டினார்கள். விண்வெளிப் பிரிவில் அது கிரகமா துணைக்கோளா என்று கேட்டு மேலே அனுப்பியிருந்தார்கள். கேரம் விளையாடத் தெரிந்த ஒரே ஆள் காதர். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

“தம்பி, உன் சாமான் பத்திரமா கீதுபா,” என்று காதர் வாசலில் வைத்துச் சொன்னார். “நான் டெய்லி பாத்துக்கினுதான் கீறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. நீ ‘குடு, குடு’ன்னு கேக்கக் கேக்க, அவங்களுக்கு இதுல இன்னாவோ கீதுன்னு டவுட்டு ஏறிக்கினே போவுது. கேக்காம இருந்துகினா முதல் வாரமே குப்பைல போட்ருப்பாங்க. நானே எடுத்தாந்து குடுத்துருப்பேன்.”

செம்பியன் அதற்குப் பிறகு போவதை நிறுத்தினான். நிறுத்தியதும் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. திடீரென்று ஏன் கேட்பதை நிறுத்தினார் என்று கடிதம் வந்தது.

*

ஜூன் பதினைந்து முகூர்த்தம் இல்லாத நாள். தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபம் காலியாகக் கிடைத்தது. அதற்கு முந்தைய நாள் கல்யாணத்தின் வாழைமரமே வாரியத்துக்கும் ஆயிற்று. மேடையில் பதாகை: ‘ஆடுவோம், அறிவோம், அமைதி காப்போம்.’

நிலாவுக்குப் பயனாளி எண் ஒன்று. மேடையில் ஏறி அவள் கேட்க வேண்டிய கேள்வியை வாரியம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தது. ‘மாண்பமை தலைவர் அவர்களே, விண்ணில் நிலா நிற்காமல் செல்வதன் காரணம் யாது?’ பவுடர் பற்றிய பகுதி விசாரணையில் இருப்பதால் நீக்கப்பட்டிருந்தது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று செம்பியன் காதரிடம் போனில் கேட்டான். “ஸ்ட்ரைக்கர் மேடைல வெக்கிறாங்கபா,” என்றார் காதர். அதனால் போனார்கள்.

மேடை நடுவில் கண்ணாடிப் பேழை. உள்ளே சிவப்பு வெல்வெட். அதன்மேல் ஜோதிலட்சுமியின் ஸ்ட்ரைக்கர். ஓரத்தில் துளை போட்டு, பித்தளை ஆணி அடித்து, அதில் ஒரு தகடு தொங்கவிட்டிருந்தார்கள். வா.வி.பொ. எண் 1. பேழையின்கீழ் எழுதியிருந்தது: ‘வாரியம் வடிவமைத்த விண்பொருள் மாதிரி. தொடாதீர்.’

ஸ்ரீரங்கன் பேசினார். இம்முறை மைக் வேலை செய்தது.

“எல்லாருக்கும் நமஸ்காரம். இந்த வாரியம் ஆரம்பிச்சப்போ நிறையப் பேர் சந்தேகப்பட்டா. நாங்களும் சந்தேகப்பட்டோம். கொழந்தைகளுக்கு நெஜமாவே ஆர்வம் வந்துட்டா என்ன பண்றதுன்னு யார்கிட்டயும் பதில் இல்லை. கேள்வி கேப்பா. பதில் சொல்ல ஆள் வேணும். அதுக்குத்தான் ஆர்வத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சோம். முதல் கட்டத்துல கேள்வி. ரெண்டாம் கட்டத்துல பதில். நடுவுல ரெண்டு வருஷம் மதிப்பீடு. அதுக்குள்ள கொழந்தைக்கே வயசாயிடும், கேள்வி தானா அடங்கிடும். இதுவரைக்கும் ஒரு கொழந்தைகூட ரெண்டாம் கட்டத்துக்கு வந்ததில்லைன்னு பெருமையோட சொல்லிக்கறேன்.”

கைதட்டல். செம்பியன் தன் கையைப் பார்த்தான். அதுவும் தட்டிக்கொண்டிருந்தது.

நிலாவை அழைத்தார்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேடையேறினாள். மைக்கைத் தாண்டிப் பேழையிடம் போனாள். கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றாள். தகட்டைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள்.

“இது எங்களோடது,” என்றாள். மைக் தூரத்தில் இருந்தும் எல்லோருக்கும் கேட்டது.

செம்பியன் எழுந்து நின்றுவிட்டான். ஸ்வர்ணலதா அம்மையார் பேனாவைத் திறந்தார்.

ஸ்ரீரங்கன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. “கேட்டேளா! வாரியத்தோட ஒரு பொருளை ஒரு சாதாரணக் கொழந்தை ‘எங்களோடது’ன்னு சொல்றது! இதைவிட ஒரு திட்டத்துக்கு என்ன வெற்றி வேணும்?”

இம்முறை எழுந்து நின்று தட்டினார்கள். நிலாவின் கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. தாளில் இருந்த கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதனால் முதல் கட்டமும் நடக்கவில்லை என்பதை வாரியத்தில் யாரும் கவனிக்கவில்லை.

மாநகரப் பேருந்தில் திரும்பும்போது நிலா பதக்கத்தைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

“அப்பா, இதக் குடுத்தா அதக் குடுப்பாங்களா?”

*

ஜூலை கடைசியில் ஒரு சாயங்காலம் காதர் வந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் போர்டின்மேல் வைத்தார்.

“ரெண்டாவது விழாவுக்குப் பெருசா வேற ஒண்ணு பண்ணிட்டாங்கபா. தர்மாகோல்ல. இம்மாம் உயரம், லைட்டெல்லாம் எரியுது. இத்த பழைய பொருள்னு எழுதி ஒதுக்கிட்டாங்க. ஒதுக்குனா குப்பை. குப்பைய எங்க கொட்டணும்னு யாரும் சொல்லல. இங்க கொட்டிட்டேன்.”

தகட்டை அவரே பிடுங்கியிருந்தார். பித்தளை ஆணி மட்டும் வரவில்லை. இழுத்தால் ஸ்ட்ரைக்கர் உடைந்துவிடும். போர்டில் கீறாதபடி அரம் வைத்து இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். தந்தநிறத்தில் ஓரமாக ஒரு மஞ்சள் புள்ளி.

“ஆனா பழைய மாதிரி ஓடாது,” என்றார். “ஒரு சைடு கனம் ஏறிச்சு. மன்னிச்சுக்கம்மா.” இன்னொரு பையிலிருந்து ஒரு பொட்டலம் போரிக் பவுடரையும் எடுத்து வைத்தார். அதில் லேபிள் இருந்தது.

நிலா ஸ்ட்ரைக்கரை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் பாவாடையில் துடைத்தாள். ஜோதிலட்சுமி முந்தானையில் துடைப்பாள். ஒரே மாதிரி, இரண்டு தடவை.

காதர் சொன்னது சரிதான். அது பழைய மாதிரி ஓடவில்லை. அன்று இரவே செம்பியன் போர்டை மாடிக்குத் தூக்கிவிட்டான். வீட்டில் இருந்த ஒரே அறை நிறைந்துபோயிற்று. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். நிலா ஒரு நோட்டில் ஏதோ கோடுகள் போட ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் அவள், “அப்பா, மெழுகுவத்தி இருக்கா?” என்று கேட்டாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கடைக்குப் போய் வாங்கி வந்தான். ஆணிக்கு நேர் எதிர் ஓரத்தில் மெழுகை ஒட்டிச் சுண்டினாள். பிறகு மெழுகைக் கொஞ்சம் குறைத்துச் சுண்டினாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். எழுதினாள். எதிர்ப்பக்கம் தள்ளிப் பத்து எண்ணவும் மறக்கவில்லை.

*

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு காலை, கதவு தட்டப்பட்டது. செம்பியன் ஒரு சாண் அளவு திறந்தான். ஸ்வர்ணலதா அம்மையார் தனியாக நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. இரண்டு மாடி ஏறியிருந்தார்.

“தொடர் கண்காணிப்பு. ஒரே பக்கம்தான், சீக்கிரம் முடிஞ்சிடும்.”

அவன் வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்திக்கொண்டான். படிவத்தை வாங்கிச் சுவரில் வைத்தான். முதல் கேள்வி: குழந்தைக்கு ஆர்வம் நீடிக்கிறதா? ஆம் எனில், குழந்தை இரண்டு வருட மதிப்பீட்டில் சேர்க்கப்படும். தொடர்புடைய பொருள்கள் அனைத்தும் வாரியத்தால் மீண்டும் பெறப்படும்.

உள்ளே ‘டக்’ என்று சத்தம் கேட்டது. ஒரு காயின் ஓடி மரச்சட்டத்தில் மோதும் சத்தம்.

அம்மையார் தலையைச் சாய்த்தார். “என்ன சத்தம்?”

அவன் வாய் திறப்பதற்குள் கீழிருந்து தேவானையின் குரல் வந்தது. படிக்கட்டு முழுக்க அவளுக்குக் காது உண்டு.

“நான்தாம்மா! தேங்கா ஒடைக்கிறேன்!”

மறுபடி ‘டக்.’

“எத்தனை தேங்காய்?”

“ஆடி மாசம்மா! அம்மனுக்கு நேர்ந்துகினுகீறேன்! நூத்தியெட்டு!”

அம்மையார் சந்தேகத்துடன் கீழே பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். செம்பியன் பேனாவைப் பிடித்து, நல்ல கையெழுத்தில் எழுதினான். இல்லை.

“அப்பா!” என்று உள்ளிருந்து நிலா கூப்பிட்டாள். “சீக்கிரம் வாயேன்! இதப் பாரேன்!”

“வீட்டுப்பாடம், மேடம். பிடிக்கவே மாட்டேங்குது. தினமும் அழுகை.”

அம்மையார் முகம் முதல்முறையாக இளகியது. “எல்லா வீட்லயும் அப்படித்தான், சார். கவலைப்படாதீங்க.”

இரண்டாவது கேள்வி: தலைமறைவான எதிர் ஆட்டக்காரர் கண்டறியப்பட்டாரா?

அவன் பேனா அங்கே நின்றது. கீழே தேவானை உண்மையாகவே ஒரு தேங்காயை உடைத்தாள். அவன் எழுதினான். இல்லை. கையெழுத்துப் போட்டான். தேதி போட்டான்.

“நேர்மையா எழுதியிருக்கீங்க,” என்றார் அம்மையார். “கோப்பை ஆர்வமின்மைப் பிரிவுக்கு மாத்திடறேன். அங்க யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க.” படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கினார். இரண்டாவது திருப்பத்தில் ஒருமுறை நின்று மேலே பார்த்தார். பிறகு போய்விட்டார்.

செம்பியன் உள்ளே போனான்.

போர்டின்மேல் பவுடர் மெல்லிசாகத் தூவியிருந்தது. அதில் ஸ்ட்ரைக்கர் போன தடம் கோடாக விழுந்திருந்தது. பித்தளைப் புள்ளி ஒரு பக்கம் இழுக்க, அது சுற்றிக்கொண்டே போயிருக்கிறது. கோடு நேராக இல்லை. அலை அலையாக, சுருண்டு சுருண்டு, போர்டின் அந்த முனைவரைக்கும் போயிருந்தது.

“சுத்திக்கினே போவுதுப்பா. ஆணி பக்கம் கனமா இருக்கறதால. மெழுகு ஒட்டுனா நேரா போவுது. பாத்தியா?” என்றாள் நிலா. சட்டென்று நிறுத்திக் கதவைப் பார்த்தாள். “அந்த ஆண்ட்டி போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

“கதவச் சாத்தினியா?”

அவன் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளையும் போட்டான். வந்து நின்றான். அறையில் உட்கார இடம் இல்லை. எதிர்ப்பக்கத்து ஸ்டூல் மட்டும்தான் இருந்தது. மாடிப்படிக்கு அடியிலிருந்து அதைத் தூக்கி வந்தவன் அவன்தான். உட்கார்ந்ததில்லை. அதன்மேல் தூசி இருந்தது. கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தான்.

நிலா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஸ்ட்ரைக்கரை அவன் பக்கம் தள்ளினாள். எண்ணவில்லை.

“அப்பா,” என்று யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள், “அப்ப நிலாவுக்கும் ஒரு பக்கம் கனமா?”